அளவை வழங்கிய அறிஞர் ரோல்ஃப் சீவர்ட்

மருத்துவமனைகளின் எக்ஸ் கதிர் அறைகளிலும், புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் செய்யும் பிரிவுகளிலும், கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களிலும் பணிபுரிவோர் தம் மார்பில் சிறு பட்டை ஒன்றை அணிந்திருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். குறித்த கால இடைவெளியில் அப்பட்டை ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. அதனை அணிந்தவர் ஏற்ற கதிர்வீச்சின் அளவு அங்குக் கணிக்கப்பட்டு ஓர் எண்ணாகத் திரும்பி வருகிறது. அவ்வெண்ணுக்குப் பின்னால் நிற்கும் அலகு மில்லி சீவர்ட் என்பதாகும். அலகின் பெயர் நாள்தோறும் பல்லாயிரவர் நாவில் வழங்குகிறது. ஆயின் அப்பெயருக்குரிய மனிதர் யார் என வினவின், இயற்பியல் பயின்றோரிலும் விடை சொல்வோர் சிலரே.

வாட், வோல்ட்டா, ஆம்பியர், ஆகியோரின் வரலாறுகள் பள்ளி நூல்களில் இடம்பெற்றன. சீவர்டின் வரலாறு அவ்வாறு இடம்பெறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர் புதிய துகள் எதனையும் கண்டறிந்தாரல்லர். நோபல் பரிசு பெற்றாரல்லர். அவர் செய்த பணி இரண்டே. ஒன்று, கண்ணுக்குப் புலனாகாத கதிரை அளக்கக் கற்றது. மற்றொன்று, அளந்த அளவைப் பல நாட்டாரும் ஒப்புக்கொள்ளுமாறு செய்தது. இவற்றுள் முன்னதைப் பலர் செய்தனர். பின்னதே அரிது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அதன் பொருட்டே அவர் வாழ்க்கை ஈண்டு எடுத்துரைக்கப்படுகிறது.

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1896ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிசில் பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டார். அதே ஆண்டு மே 6ஆம் நாள் சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ரோல்ஃப் மாக்சிமிலியன் சீவர்ட் பிறந்தார். ஆகவே கதிர்வீச்சு அறிவியலும் இவரும் ஏறத்தாழ ஒத்த அகவையினர் எனலாம். தந்தையார் மாக்ஸ் சீவர்ட் ஜெர்மானியர். சுவீடனில் குடியேறித் தொழில் நடத்தியவர். உலோகங்களைப் பற்றவைக்க உதவும் ஊதுவிளக்குகளை விற்றும், ஸ்டாக்ஹோமை அடுத்த சுண்ட்பிபெரி என்னும் ஊரில் மின்கம்பி வடத் தொழிற்சாலை அமைத்தும் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர் 1913இல் மறைந்தபோது மகனுக்கு அகவை 17. உழைத்துத்தான் உண்ண வேண்டும் என்னும் நிலை அவ்விளைஞருக்கு இல்லை.

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலரைப் போலவே இவரும் தம் கல்வியில் ஒரு நிலையில் நின்றாரில்லை. முதலில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மருத்துவம் தொடங்கினார். அதனை விடுத்துப் பொறியியல் பயிலச் சென்றார். அதனையும் விடுத்து உப்சாலா பல்கலைக்கழகம் சேர்ந்து 1919இல் பட்டம் பெற்றார். முனைவர் பட்டமோ 1932இல்தான் வந்தது. அக்காலத்தில் இவரை அறிந்தோர் இவர் எதிலும் நிலைக்கமாட்டார் எனக் கருதியிருப்பின் அவர்களைக் குறை கூற இயலாது. ஆயினும் மருத்துவம், பொறியியல், இயற்பியல் என்னும் மூன்று வாயில்களிலும் கால் வைத்த ஒருவரே பிற்காலத்து மருத்துவ இயற்பியல் என்னும் துறைக்குத் தேவையாயிருந்தார்.

ஸ்டாக்ஹோமில் 1910இல் தொடங்கப்பெற்ற ரேடியம்ஹெமட் என்னும் புற்றுநோய் மருத்துவமனை அந்நாளில் புகழ் பெற்று வந்தது. ரேடியம் இல்லம் என்பது அப்பெயரின் பொருள். அதனை நடத்தியவர் யோஸ்டா ஃபோர்செல் என்னும் பெருமருத்துவர். இருபதுகளின் தொடக்கத்தில் சீவர்ட் அங்குச் சென்று ஊதியமின்றிப் பணிபுரிய முன்வந்தார். மருத்துவமனைக்குள் இயற்பியலார்க்கு என்ன வேலை என்று பலரும் எண்ணிய காலம் அது. ஆனால் வேலை மிகுதியாகவே இருந்தது. ரேடியத்தை மெல்லிய குழாய்களில் அடைத்துக் கட்டியின் உள்ளும் புறமும் வைத்து மருத்துவம் செய்தனர். கட்டியின் எந்தப் புள்ளியில் எவ்வளவு கதிர் விழுகிறது என்பதை எவரும் செவ்வனே கணிக்கவில்லை. குழாய் ஒரு புள்ளியன்று, நீண்ட கோடு. அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கதிர் வருகிறது. நேராக வரும் கதிர் குழாயின் சுவரைக் குறுகிய தொலைவே கடக்கிறது. சாய்ந்து வரும் கதிரோ அதே சுவரை நெடுந்தொலைவு கடந்து வலுக்குன்றுகிறது. இவை அனைத்தையும் கூட்டிக் காணும் கணக்கை 1921இல் சீவர்ட் வகுத்து வெளியிட்டார். சீவர்ட் தொகையம் என்னும் பெயரால் அது இன்றும் மருத்துவ இயற்பியல் பாடநூல்களில் உள்ளது. 1924 முதல் அம்மருத்துவமனையின் இயற்பியல் ஆய்வகம் இவர் பொறுப்பில் வளர்ந்தது.

அக்காலத்து எக்ஸ் கதிர் மருத்துவத்தின் நிலையை இன்று எண்ணிப்பார்ப்பது எளிதன்று. ரேடியத்துக்கேனும் ஒரு பொது அளவுகோல் இருந்தது. மேரி கியூரி 1911இல் ஆக்கிய படித்தரம் பாரிசில் காக்கப்பட்டது. எக்ஸ் கதிருக்கோ அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. வேதிப்பொருள் பூசிய வில்லை நிறம் மாறுவதைக் கண்டு அளந்தோர் சிலர். நோயாளியின் தோல் சிவப்பதைக் கண்டு அளந்தோர் பலர். தோல் சிவக்கத் தேவைப்படும் கதிரையே ஓர் அலகாகக் கொண்டு, அதில் பாதி, அதில் கால் என்று மருந்துச் சீட்டு எழுதினர். ஒருவர் தோல் மற்றவர் தோல் போன்றதன்று. ஒரு மருத்துவர் கண்ட சிவப்பு மற்றவர் கண்ட சிவப்பும் அன்று. ஆகவே பெர்லினில் ஒரு மருத்துவர் தம் வெற்றியை அளவோடு எழுதி வெளியிட்டாலும், லண்டனிலோ ஸ்டாக்ஹோமிலோ உள்ளவர் அதனைப் பின்பற்ற வழியில்லை. சொல் ஒன்று, பொருள் ஊருக்கொன்று. குறைந்த கதிரால் நோய் தீராது. மிகுந்த கதிரால் நோயாளி வெந்துபோவார். இடைப்பட்ட வழி குறுகியது.

நோயாளியின் நிலை அவ்வாறாக, மருத்துவம் செய்தோர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. கருவி செவ்வனே இயங்குகிறதா என்று சோதிக்கத் தம் கையையே கதிரின் குறுக்கே நீட்டிப் பார்த்த மருத்துவர் பலர். விரல்கள் புண்ணாகி, புண் புற்றாகி, விரலையும் கையையும் இழந்து, இறுதியில் உயிரையும் இழந்தனர். ஹாம்பர்க் நகரின் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் 1936ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் திறக்கப்பட்டபோது அதில் 15 நாடுகளைச் சேர்ந்த 169 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பின்னாளில் அப்பட்டியல் மேலும் நீண்டது.

சீவர்ட் தம் ஆய்வகத்தில் அமர்ந்து கட்டுரை எழுதுவதோடு அமையவில்லை. அளவுக்கருவிகளை எடுத்துக்கொண்டு சுவீடனின் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று, அங்கங்குள்ள எக்ஸ் கதிர்க் கருவிகளை அளந்து ஒரு தரத்துக்குக் கொண்டுவரும் பணியை மேற்கொண்டார். அதன்பொருட்டு அவர் உருவாக்கிய சிறிய அயனியாக்க அறை சீவர்ட் அறை எனப் பெயர் பெற்றது. அதன் செயல் எளியது. சிறு உட்குழிவில் மின்னூட்டம் ஏற்றிக் கதிரில் வைப்பர். கதிர் உள்ளிருக்கும் காற்றை அயனியாக்கும், மின்னூட்டம் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு எவ்வளவு கதிர் பாய்ந்தது என அறிவர். கம்பித் தொடர்பு இன்றி எங்கும் வைக்கலாம் என்பதே இதன் சிறப்பு. அறையின் மூலையிலும், பணியாளர் நிற்கும் இடத்திலும், நோயாளியின் உடல்மீதும் வைத்து அளக்க இது வழி செய்தது.

அளக்க முடிந்த பின்னர் அடுத்த வினா எழுகிறது. பணியாளர் எவ்வளவு கதிரைத் தாங்கலாம்? 1925ஆம் ஆண்டளவில் இவ்வினாவுக்கு இருவர் தனித்தனியே விடை தேடினர். ஒருவர் நியூயார்க்கில் இருந்த முட்ஷெல்லர் என்னும் இயற்பியலார், மற்றவர் சீவர்ட். தோலைச் சிவக்கச் செய்யும் அளவில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் ஓராண்டுக் காலத்தில், என்பது சீவர்டின் முடிவு. வேறு வழியில் சென்ற முட்ஷெல்லரும் ஏறத்தாழ அதே அளவையே அடைந்தார். இவ்விரு கணிப்புகளும் மிகச் சிறிய அடிப்படை மீது எழுந்தவை. பின்னாளில் அவை போதா என்று தெளிவாயிற்று. ஆயினும் எவ்வளவு என்னும் வினாவுக்கு எண்ணால் விடை கூறிய முதல் முயற்சிகள் இவையே.

இனிப் பன்னாட்டு அமைப்புகளின் வரலாற்றுக்கு வருவோம். 1925இல் லண்டனில் கதிரியல் அறிஞர்களின் முதற் பன்னாட்டு மாநாடு கூடியது. எக்ஸ் கதிருக்கு ஒரு பொது அலகு காணும் குழு அங்கு அமைந்தது. மூன்றாண்டுகள் கழித்து 1928ஆம் ஆண்டு ஜூலையில் இரண்டாம் மாநாடு சீவர்டின் ஊராகிய ஸ்டாக்ஹோமிலேயே கூடியது. ஃபோர்செல் அதற்குத் தலைமை தாங்கினார். இம்மாநாட்டின் விளைவுகள் இரண்டு. காற்றில் உண்டாகும் அயனியாக்கத்தை அடிப்படையாகக் கொண்டு ரான்ட்கன் என்னும் அலகு ஒப்புக்கொள்ளப்பட்டது. நோயாளியின் தோலை நம்பியிருந்த அளவு, அன்று முதல் காற்றையும் மின்னளவியையும் நம்பத் தொடங்கிற்று. அடுத்து, எக்ஸ் கதிர், ரேடியம் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புக் காணும் பன்னாட்டுக் குழு ஒன்று பிறந்தது. ஒரு சிலரே இருந்த அக்குழுவில் சீவர்டும் ஒருவர். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேயும், அமெரிக்காவின் இளம் இயற்பியலார் லாரிஸ்டன் டெய்லரும் அதில் இருந்தனர்.

அக்குழுவின் முதற் பரிந்துரைகள் இன்று படிப்போர்க்கு நகைப்பை விளைவிக்கக்கூடும். பெரிதும் இங்கிலாந்தின் விதிகளைத் தழுவியவை அவை. நாளொன்றுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது. வாரத்தில் 5 நாட்களுக்கு மேல் கூடாது. ஓய்வு நாட்களை இயன்றவரை திறந்த வெளியில் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு திங்களுக்குக் குறையாத விடுமுறை வேண்டும் என்றெல்லாம் அவை கூறின. காரீயத் தடுப்பின் தடிமன் பற்றியும் அறையின் காற்றோட்டம் பற்றியும் விரிவாகப் பேசின. ஒருவர் ஏற்கத்தக்க கதிரின் அளவு பற்றி மட்டும் எண் எதுவும் கூறவில்லை! தூய காற்று வாங்கினால் கதிரின் தீங்கு நீங்கும் என்பது இன்று எவரும் ஒப்பாத கருத்து. ஆயினும் இவற்றை எள்ளுவதற்கு முன் ஒன்றை எண்ண வேண்டும். முதல் உலகப்போரில் எதிரெதிர் நின்ற நாடுகளின் அறிஞர்கள், போர் ஓய்ந்து பத்தாண்டே ஆன நிலையில், ஒரு தாளில் எழுதிய விதிகளைத் தம் அனைவர்க்கும் உரியவையாக ஏற்றனர். எண் பின்னர் வரலாம். ஒருங்கு கூடும் இடம் முதலில் வேண்டும்.

எண்ணும் வந்தது. 1934இல் சூரிக்கில் கூடிய நான்காம் மாநாட்டை ஒட்டி, நாளொன்றுக்கு 0.2 ரான்ட்கன் என்னும் அளவைக் குழு அறிவித்தது. அடுத்த மாநாடு 1937இல் சிக்காகோவில் நடந்தது. அதன்பின் போர் மூண்டது. 1950 வரை மாநாடு இல்லை. குழுவும் செயலற்றுக் கிடந்தது.

அவ்விடைக்காலத்தில் சீவர்ட் தம் நாட்டில் செய்தவை குறிப்பிடத்தக்கவை. மன்னர் ஐந்தாம் குஸ்தாவின் 70ஆம் பிறந்தநாளை ஒட்டி 1928இல் மக்கள் திரட்டிய நிதி புற்றுநோய்ப் பணிக்கு வழங்கப்பட்டிருந்தது. அந்நிதியின் துணையால் கரோலின்ஸ்கா மருத்துவமனை வளாகத்தில் கதிர் இயற்பியல் நிறுவனம் ஒன்று எழுந்தது. அதன் தலைவராகிய சீவர்ட் 1941இல் பேராசிரியரானார். அதே ஆண்டில் சுவீடன் கதிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி மருத்துவமனைகளின் கதிர்க் கருவிகளை மேற்பார்வையிடும் பொறுப்பு இவர் நிறுவனத்துக்கே வழங்கப்பட்டது. முன்பு விரும்பி அழைத்தோர் இடத்துக்கு மட்டும் சென்று அளந்தவர், இப்போது சட்டத்தின் பெயரால் சென்று அளந்தார். ஒரே கூரையின்கீழ் ஆராய்ச்சியும் அதிகாரமும் அமைவது எல்லா நாட்டுக்கும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியதே. சிறிய நாடாகிய சுவீடனுக்கு அஃது அந்நாளில் பொருந்திற்று. பன்னாட்டுக் குழுவோ எவரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லாதது. பரிந்துரைக்க மட்டுமே வல்லது. இவ்விரண்டையும் உள்ளிருந்து அறிந்தவர் சீவர்ட் என்பதனை மனத்திற்கொண்டால் அவர்தம் பிற்காலச் செயல்கள் நன்கு விளங்கும்.

போர் முடிந்தபோது உலகம் மாறியிருந்தது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுகள் விழுந்திருந்தன. அணு உலைகள் இயங்கின. அவற்றிலிருந்து செயற்கைக் கதிரியக்கப் பொருள்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கின. எக்ஸ் கதிர் மருத்துவர்களுக்காகத் தொடங்கிய பழைய குழு இப்பெரும் பொறுப்புக்குப் போதுமானதாக இல்லை. டெய்லரின் முயற்சியால் 1950இல் லண்டனில் கூடிய மாநாட்டை ஒட்டி அது திருத்தியமைக்கப்பட்டுப் பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் என்னும் புதுப்பெயர் பெற்றது. அலகுகளுக்கான குழுவும் தன் உடன்பிறப்பாகத் தொடர்ந்தது. அளவும் குறைந்தது, வாரத்துக்கு 0.3 ரான்ட்கன் என்றாயிற்று.

ஐம்பதுகளில் வல்லரசுகள் வான்வெளியில் அடுத்தடுத்துக் குண்டுகளை வெடித்துச் சோதித்தன. அவற்றின் கதிர்த்துகள் காற்றில் மிதந்து எல்லை எதனையும் மதியாமல் எங்கும் வீழ்ந்தது. சீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சை அளப்பதில் முன்னரே தேர்ந்தவர். மண்ணிலிருந்தும் கட்டடக் கல்லிலிருந்தும் வரும் கதிரை அளந்தவர். மனித உடலினுள் பொட்டாசியம் முதலியவற்றால் இயல்பாகவே உள்ள நுண்ணிய கதிரியக்கத்தை அளக்க, பாறையைக் குடைந்த நிலவறையில் உயர் அழுத்த அயனியாக்க அறைகளை அமைத்தவர். அவ்வறிவு இப்போது பயன்பட்டது. சுவீடனில் தானே இயங்கிப் பதிவு செய்யும் அளவு நிலையங்கள் பல இவர் முயற்சியால் எழுந்தன. எங்கோ வெடித்த குண்டின் சுவடு அவற்றில் பதிந்தது. இயற்கை தரும் அளவு இவ்வளவு என முன்னரே அளந்து வைத்திருந்தமையால்தான், மனிதர் கூட்டியது எவ்வளவு எனக் கூற முடிந்தது.

1955ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை அணுக் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய ஓர் அறிவியல் குழுவை நிறுவியது. அதன் முதல் உறுப்பு நாடுகள் 15. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் ஒரே மேசையில் அமர்ந்தன. முதல் அறிக்கை 1958இல் வெளிவந்தது. அவ்வாண்டு முதல் சிறிது காலம் அக்குழுவின் தலைமையும் சீவர்டிடம் வந்தது. கதிர் மிகுந்த மோனசைட் மணல் பரவிய கேரளக் கடற்கரை அக்குழுவின் கவனத்தை ஈர்த்த இடங்களுள் ஒன்று. அம்மணல் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி வரை நீள்கிறது என்பதை வாசகர் அறிவர்.

இதற்குச் சற்று முன்னரே, 1956இல், பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமைப் பொறுப்பையும் சீவர்ட் ஏற்றிருந்தார். 1962 வரை அதில் இருந்தார். அவ்வாறாண்டுகளே அவர் வாழ்வின் உச்சி என்பது என் துணிபு. அதுவரை மாநாடு கூடும்போது மட்டும் உயிர்பெற்று, பின் உறங்கும் அமைப்பாகவே ஆணையம் இருந்தது. அதற்கு நிலையான அலுவலகமோ நிதியோ இல்லை. சீவர்ட் தம் மாணவரான பூ லிண்டெல்லை அறிவியல் செயலராக்கி, ஸ்டாக்ஹோமிலிருந்தே பணிகளை நடத்தினார். பின்னர் ஃபோர்டு அறக்கட்டளை முதலியவற்றின் நிதியுதவியும் கிட்டியது. அரசுகள் எதனுடைய கைப்பாவையாகவும் ஆகாமல், அதே வேளையில் எல்லா அரசுகளும் செவிசாய்க்கும் நிலையில் ஆணையத்தை வைப்பது எளிய செயலன்று. குண்டு வைத்திருந்த நாடுகள் கதிரின் தீங்கைச் சிறிதாகக் காட்ட விரும்பிய காலம் அது. மக்களிடையே அச்சம் மிகுந்த காலமும் அதுவே. நடுநிலை நாட்டவர் ஒருவர் தலைமையில் இருந்தது ஆணையத்துக்கு நல்வாய்ப்பாயிற்று.

1958இல் ஆணையம் ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள் அடுத்த ஆண்டு அதன் முதல் வெளியீடாக வந்தன. பணியாளர்க்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 5 ரெம் என்னும் வரம்பு அதில் அமைந்தது. இன்றைய அலகில் அது 50 மில்லி சீவர்ட். 1934இல் வகுத்த நாளளவு ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 500 மில்லி சீவர்ட் ஆகும். 1950இன் வார அளவு ஏறத்தாழ 150 ஆகும். 24 ஆண்டுகளில் வரம்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. எண்ணைவிடப் பெரிய மாற்றம் கருத்தில் நேர்ந்தது. இவ்வளவு வரை தீங்கே இல்லை என்னும் பழைய நம்பிக்கை தளர்ந்தது. மரபணுவியலார் கண்டறிந்த உண்மைகளால், சிறிய அளவும் சிறிய தீங்குக்கு இடம் தரலாம் எனக் கொண்டு நடப்பதே அறிவுடைமை என்னும் கருத்து வலுப்பெற்றது. அக்கருத்தே 1977இல் தெளிவான கோட்பாடாக உருப்பெற்றது: பயன் இல்லாத கதிர் எவர்மீதும் படலாகாது; படுவதும் இயன்ற அளவு குறைவாக இருத்தல் வேண்டும்; அதற்கு மேல் ஒரு வரம்பும் இருத்தல் வேண்டும். 1990இன் பரிந்துரை அவ்வரம்பை ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் என மேலும் குறைத்தது. இந்தியாவும் அதனையே பின்பற்றுகிறது.

ஆணையத்தின்மீது குறை கூறுவோரும் உளர். அவர்தம் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. உறுப்பினர்களைப் பெரும்பாலும் ஆணையமே தேர்ந்துகொண்டது. வெளியிலிருந்து வினவுவார் எவரும் அதில் இல்லை. நெடுங்காலம் அது பணியாளரைப் பற்றியே கவலை கொண்டது. நோயாளி ஏற்கும் கதிரைப் பற்றிப் பேசத் தயங்கியது. வரம்பு ஒவ்வொரு முறை குறைக்கப்பட்டபோதும், முன்னைய வரம்பை நம்பிப் பணிசெய்தோர் நிலை என்னாவது என்னும் வினாவும் எழத்தான் செய்தது. எனினும் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு எண்ணை மாற்றிய அமைப்பாக அது விளங்கிற்று என்பதும் மறுக்கவொண்ணாதது.

ஆணையங்கள் தேர்ந்தெடுத்த சிலர் கூடும் இடங்கள். மருத்துவமனைதோறும் பணிபுரியும் மருத்துவ இயற்பியலார் அனைவர்க்கும் உரிய இடம் வேறு வேண்டியிருந்தது. அத்தேவையால் 1963ஆம் ஆண்டு ஜனவரியில் பன்னாட்டு மருத்துவ இயற்பியல் அமைப்பு தோன்றியது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, சுவீடன் ஆகிய நான்கு நாடுகளின் சங்கங்களே அதன் முதல் உறுப்பினர். இங்கிலாந்தின் மேனியார்ட் முதல் தலைவர். சீவர்ட் தனியொருவராய் ரேடியம்ஹெமட் வாயிலில் நின்ற நாளிலிருந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகளில், அவர் தொழில் தனக்கென ஒரு பன்னாட்டு இல்லம் கொண்டது. இந்திய மருத்துவ இயற்பியலார் சங்கம் 1976இல் தொடங்கப்பெற்று அதில் இணைந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலில் முதுகலைப் படிப்புப் படித்து மருத்துவமனைப் பணி ஏற்கும் நம் மாணவர், இவ்வரலாற்றின் வழித்தோன்றல்களே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் மருத்துவ இயற்பியலார் நலத்துறைப் பணியாளருள் ஒருவராகக் குறிக்கப்பட்டனர். சிறு குறிப்புத்தானே எனத் தோன்றலாம். மருத்துவமனையில் இயற்பியலாருக்கு என்ன வேலை என்று கேட்போர் இன்றும் உள்ள நாடுகளில் அக்குறிப்பின் அருமை தெரியும்.

அளவை ஊர்தோறும் எடுத்துச் சென்று ஒப்பிடும் சீவர்டின் பழைய பணியும் உலக அளவில் விரிந்தது. 1969 முதல் பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக நலவாழ்வு நிறுவனமும் இணைந்து, கதிரை ஏற்றுப் பின் ஒளிரும் தூள் அடங்கிய சிறு குப்பிகளை அஞ்சலில் மருத்துவமனைகளுக்கு அனுப்பின. மருத்துவமனையார் தாம் கணித்தபடி குறித்த அளவு கதிரை அதன்மீது பாய்ச்சித் திருப்பி அனுப்புவர். சொன்ன அளவும் பாய்ந்த அளவும் ஒத்துள்ளனவா என்பது வெளியாகும். ஒவ்வாதபோது காப்பாற்றப்படுவோர் அம்மருத்துவமனைக்கு இனி வரப்போகும் நோயாளிகள்.

கதிர்ப் பாதுகாப்பினருக்கான மற்றொரு பன்னாட்டுச் சங்கத்தின் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டு செப்டம்பரில் ரோமில் நடந்தது. அடுத்த திங்கள், அக்டோபர் 3ஆம் நாள், சீவர்ட் தம் 70ஆம் அகவையில் ஸ்டாக்ஹோமில் மறைந்தார். அச்சங்கம் அவர் பெயரால் விருது ஒன்றை நிறுவி, 1973இல் முதன்முதலாக அவர் மாணவர் லிண்டெல்லுக்கே வழங்கியது. லிண்டெல் பின்னர் 1977 முதல் 1985 வரை ஆசிரியர் இருந்த அதே ஆணையத் தலைமையில் இருந்தார்.

1975இல் எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு, உடல் ஏற்கும் கதிர் ஆற்றலின் அலகுக்குக் கிரே எனப் பெயரிட்டது. லூயிஸ் ஹெரால்டு கிரேயும் மருத்துவமனையில் பணிபுரிந்த இயற்பியலாரே. சீவர்டுக்கு ஓராண்டு முன்னர் மறைந்தவர். ஆற்றல் ஒன்றாயினும் கதிரின் வகைக்கேற்ப உடலுக்கு நேரும் தீங்கு வேறுபடும். அவ்வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும் அலகுக்கு 1979இல் அதே மாநாடு சீவர்ட் எனப் பெயர் சூட்டியது. ஒரு சீவர்ட் 100 ரெம் ஆகும். அது மிகப் பெரிய அளவு. இயற்கையிலிருந்து மனிதர் ஒருவர் ஓராண்டில் ஏற்கும் உலகச் சராசரியே 2.4 மில்லி சீவர்ட்தான். ஆதலால் நாள்தோறும் எழுதப்படும் பதிவேடுகளில் இவ்வலகின் ஆயிரத்தில் ஒரு பங்கே பெரும்பாலும் வழங்குகிறது.